ஆறு கை ஆக்டோபஸும் ஆறு வார மாவுக்கட்டும்

"மாமா, நிறுத்துங்க. இதுக்கு ஆறு கைதான் இருக்கு."

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆக்டோபஸ் படம் வரைந்து பாகம் குறித்துப் பத்துக்குப் பத்து வாங்கியவள். அவளை ஏமாற்ற முடியாது. திரையில் ஒரு ராட்சச ஆக்டோபஸ் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டிப்பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. படத்தை நிறுத்தினேன், பின்னால் ஓட்டினேன், இருவரும் சேர்ந்து எண்ணினோம். ஆறுதான்.

படத்தின் பெயர் 'இட் கேம் ஃப்ரம் பினீத் த சீ'. 1955இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஆக்டோபஸைப் பொம்மையாகச் செய்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தவர் ரே ஹாரிஹவுசன். எட்டு கை வைக்கப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை, அதனால் ஆறோடு நிறுத்திக்கொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் சாம் கேட்ஸ்மேன் காசை எண்ணி எண்ணிக் கொடுப்பதில் பேர்போனவர்.

நான் தொழிலில் கணக்கன். உடனே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வினாடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 1,440. எல்லாக் கையையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்த்துவதாக வைத்துக்கொண்டால், எட்டு கைக்கு நிமிடத்துக்கு 11,520 அசைவு. ஆறு கைக்கு 8,640. இரண்டு கையை வெட்டியதில் ஒரு நிமிடப் படத்துக்கு 2,880 அசைவு மிச்சம். அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு சிக்கனத்தைக் கொண்டுவந்து காட்டினால் எழுந்து நின்று கைகொடுப்பேன்.

அன்றைக்கு என்னால் எழுந்து நிற்கத்தான் முடியாது. மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அதாவது, ரிமோட் அவள் கையில். முதல் வாரத்திலேயே எங்கள் இருவருக்கும் ஒத்துவந்த ஒரே விஷயம், கடலிலிருந்து ஏதாவது ஒன்று கிளம்பி வரும் மலிவான படங்கள்தான் என்று தெரிந்துபோனது. ஆறு வாரத்தில் இருபதுக்கு மேல் பார்த்துத் தள்ளினோம். மதிப்பெண்ணை அவள் எட்டுக்குப் போடுவாள். எட்டு கை என்றால் முழு மதிப்பெண். அந்த ஆக்டோபஸ் படத்துக்கே ஆறு கைதான் கொடுத்தாள். "அதுக்கு எத்தனை இருக்கோ அத்தனை."

என் மதிப்பெண் கொஞ்சம் அதிகம். காரணம் அந்தப் பாலம். ராட்சசன் வந்து உடைப்பதைக் காட்டினால் மக்களுக்குப் பாலத்தின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று நகர நிர்வாகம் படப்பிடிப்புக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. படக்குழு ஒரு பேக்கரி வண்டிக்குள் கேமராவை மறைத்துவைத்துப் பாலத்தில் போய்வந்து வேண்டிய காட்சிகளைச் சுட்டுக்கொண்டு வந்தது. படத்தில் ஒரு கப்பற்படைக் காதல் கதையும் ஓடுகிறது. அது வரும்போதெல்லாம் அக்கா மகள் எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். போய்வர அவளுக்கு நேரம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

ஹாரிஹவுசன் அதற்கு இரண்டு வருடம் முன்பு தனியாகப் பொறுப்பேற்று வேலை செய்த முதல் படம் 'த பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்'. 1953. அணுகுண்டுச் சோதனையில் பனி உருகி, உள்ளே உறைந்து கிடந்த பழங்கால மிருகம் ஒன்று எழுந்து நியூயார்க்குக்கு வருகிறது. ஃபாதம் என்பது கடலின் ஆழம் அளக்கிற பழைய அளவு, ஆறு அடி. இருபதாயிரம் ஃபாதம் என்றால் முப்பத்தாறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்திலேயே ஆழமான கடற்பகுதி கிட்டத்தட்ட பதினொரு கிலோமீட்டர்தான். கடலையே மூன்று முறை தோண்டினால்தான் அந்த மிருகத்தின் வீடு வரும். பெயர் வைத்தவருக்கு எண்ணிக்கை முக்கியமாகப் படவில்லை. எனக்கும் அந்தப் படத்தில் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கத் தோன்றியது. இரவு. ஒரு கலங்கரை விளக்கம். மிருகம் நிழலுருவமாக வந்து அதைக் கட்டிக்கொண்டு இடித்துத் தள்ளுகிறது. ரே பிராட்பரியின் ஒரு சிறுகதையிலிருந்து வந்த காட்சி அது. பிராட்பரியும் ஹாரிஹவுசனும் பையன் வயதிலிருந்தே நண்பர்கள். இரண்டு லட்சம் டாலரை ஒட்டிய செலவில் எடுத்த படம் ஐம்பது லட்சத்தைத் தொட்டது. அதற்கப்புறம் அமெரிக்காவில் கடலோரம் இருந்த எந்த ஊருக்கும் நிம்மதி இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். காசில்லாதவன் ராட்சசப் படம் எடுக்க ஏன் கடலுக்குப் போகிறான்? தரையில் வரும் ராட்சசனைத் தலையிலிருந்து கால்வரை காட்டியாக வேண்டும். கடல் பாதிக்கு மேல் இலவசமாக மறைத்துக் கொடுத்துவிடும். மேலே ஒரு துடுப்பு தெரிந்தால் போதும். சில சமயம் அதுவும் வேண்டாம், கொஞ்சம் நீர்க்குமிழி, ஒரு படகு காற்றில்லாமல் லேசாகத் திரும்புவது, அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்ப்பவன் தன் செலவில் செய்துகொள்வான்.

ஆனால் கடல் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். அலை ஒரு ஷாட்டில் இருந்தது போல அடுத்த ஷாட்டில் இருக்காது. படகு நகர்ந்துகொண்டே இருக்கும். உப்பு எல்லா மோட்டாரையும் தின்றுவிடும். 'ஜாஸ்' எடுத்தபோது பெரிய ஸ்டுடியோவே இதில் மாட்டிக்கொண்டு திண்டாடியது. இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் வேலை செய்யாமல் படுத்துக்கொண்டது, 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது, 40 லட்சம் டாலர் செலவு 90 லட்சமாக வளர்ந்தது. சுறா வராததால் சுறாவைக் காட்டாமலே எடுத்தார்கள், அதனால்தான் படம் பிழைத்தது என்பது ஊரறிந்த கதை. பெரிய முதலாளி விபத்தில் கற்றுக்கொண்ட பாடத்தை, சின்னத் தயாரிப்பாளர்கள் அதற்கு இருபது வருடம் முன்பே கைக்காசு இல்லாத காரணத்தால் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கடல் வேண்டாம், தொட்டியில் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் தப்ப முடியாது. தண்ணீர்த்துளி காட்டிக்கொடுத்துவிடும். கப்பலை ஐம்பதில் ஒரு பங்காகச் சிறிதாக்கலாம். தண்ணீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. அது எந்தத் தொட்டியிலும் தன் அளவில்தான் உடையும். அரை சென்டிமீட்டர் துளி, ஐம்பதில் ஒரு பங்கு கப்பலின் பக்கத்தில் கால் மீட்டர் உருண்டையாகத் தெரியும். மனிதத் தலையைவிடப் பெரிய துளிகள் கப்பல் மேல் வந்து விழுகிற மாதிரி. கண் காரணத்தைச் சொல்லாது, ஆனால் "பொம்மை" என்று உடனே சொல்லிவிடும்.

இதற்கு ஒரு பாதி மருந்து இருக்கிறது. கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டினால் தண்ணீர் மெதுவாக, கனமாக விழும். எவ்வளவு வேகம் என்பதற்கு வாய்ப்பாடு உண்டு. சிறிதாக்கிய மடங்கின் வர்க்கமூலம். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் ஐந்து மடங்கு, அதாவது வினாடிக்கு 120 ஃபிரேம். இங்கேதான் கணக்கன் மூக்கை நுழைக்கிறான். ஐந்து மடங்கு வேகம் என்றால் ஐந்து மடங்கு ஃபிலிம். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சாதாரணமாக நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இப்போது நானூற்றைம்பது அடி. காசு இல்லாதவன் என்ன செய்வான்? சாதாரண வேகத்திலேயே எடுத்துவிடுவான். அதனால்தான் பல மலிவுப் படங்களில் கப்பல் மூழ்குவது வாளியில் சோப்பு டப்பா மூழ்குவது போல 'டுபுக்'கென்று முடிந்துவிடுகிறது. இதை அக்கா மகளுக்கு விளக்கினேன். பாதியில் கொட்டாவி விட்டாள். ஆனால் அடுத்த படத்தில் கப்பல் கவிழ்ந்ததும், "துளி பெரிசா இருக்கு" என்றாள். காதில் விழுந்திருக்கிறது.

இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசினால் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கோர்மனிடம் வந்துதான் ஆக வேண்டும். 2024இல், தொண்ணூற்றெட்டு வயதில் காலமான மனிதர். கொப்போலா, ஸ்கோர்செஸி, ஜேம்ஸ் கேமரூன் என்று பின்னாளில் பெரிய இயக்குநர்களான எல்லாரும் ஆரம்பத்தில் இவரிடம் குறைந்த சம்பளத்துக்குக் குப்பை கொட்டியவர்கள். 1954இல் இவர் தயாரித்த 'மான்ஸ்டர் ஃப்ரம் த ஓஷன் ஃப்ளோர்' பிறந்த கதையே ஒரு நல்ல பற்று வரவுக் குறிப்பு. ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி நீர்மூழ்கி ஒன்றைப் பற்றிய செய்தியைப் பார்க்கிறார். அதைத் தயாரித்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, உங்கள் நீர்மூழ்கியைப் படத்தில் காட்டுகிறேன், விளம்பரம் உங்களுக்கு, வண்டி எனக்கு என்று பேசி இலவசமாக வாங்கிவிடுகிறார். படத்தின் மிக விலையுயர்ந்த பொருள் ஓசி. ஆறே நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

படம் எப்படி என்றால், சரி, உண்மையைச் சொல்கிறேன், பெரும்பாலும் தூக்கம் வருகிறது. நிறைய நீச்சல். நிறையக் கடற்கரை. ராட்சசன் ஒற்றைக்கண் கொண்ட ஒரு பொம்மை, அதையும் கலங்கலாக, கொஞ்ச நேரம்தான் காட்டுகிறார்கள். ஆனால் கடைசியில் அந்த ஓசி நீர்மூழ்கி நேராகப் போய் அந்த ஒற்றைக்கண்ணில் இடிக்கும்போது, இலவசமாக வந்த பொருளை வீணாக்காமல் பயன்படுத்திய திருப்தி எனக்கே வந்தது. மூன்று கை.

அதே மனிதர் மூன்று வருடம் கழித்து எடுத்த 'அட்டாக் ஆஃப் த கிராப் மான்ஸ்டர்ஸ்' வேறு ரகம். இந்த ஆறு வாரத்தில் நான் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் பாருங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். எழுபதாயிரம் டாலர் செலவு. பத்து லட்சத்துக்கு மேல் வசூல். ஓட்டம் ஒரு மணி நேரமும் சொச்ச நிமிடமும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுகிற வழக்கம் இருந்த காலம், அதனால் நீளம் அவ்வளவுதான். அச்சமோ பதற்றமோ இல்லாத ஒரு காட்சிகூட இருக்கக்கூடாது என்று கோர்மன் கதாசிரியர் சார்லஸ் கிரிஃபித்திடம் சொல்லி எழுதவைத்த படம்.

பசிபிக்கில் ஒரு தீவு. முன்னால் போன விஞ்ஞானிகள் குழு காணாமல் போய்விட்டது. அவர்களைத் தேடி இரண்டாவது குழு வருகிறது. தீவில் ராட்சச நண்டுகள். நண்டு என்றால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு காரளவு பொம்மை, தூக்கம் கலையாத கண், உள்ளே ஆள் இருந்து நகர்த்துவது நன்றாகத் தெரிகிறது. அக்கா மகளும் சிரித்தாள். அப்புறம் இரவு வருகிறது. கூடாரத்துக்கு வெளியே இருட்டில் காணாமல் போன ஒருவரின் குரல் கேட்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அமைதியான, பழகிய குரல். இந்த நண்டுகள் யாரைத் தின்கின்றனவோ அவர்களுடைய மூளையும் அறிவும் குரலும் நண்டுக்குள் சேர்ந்துவிடுகின்றன. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் இன்றைக்கு நண்டுக்குள்ளிருந்து அதே குரலில், அதே நிதானத்தோடு, வெளியே வாருங்கள் என்கிறார்.

சிரிப்பு நின்றுபோனது. அக்கா மகள் என் நாற்காலிக்கு நகர்ந்து வந்து மாவுக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வலித்தது, சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள், குரலுக்கு என்ன செலவு? அந்த நடிகர் ஏற்கெனவே சம்பளம் வாங்கியவர். செத்த பிறகும் அவரிடம் வேலை வாங்கிவிட்டார்கள். நண்டுப் பொம்மை எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், அதைக் காட்டாமல் அதன் பேச்சை மட்டும் கேட்கவைக்கும் போது பொம்மையின் குறை அடிபட்டுப் போகிறது. இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். நண்டுகள் தீவைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக் கடலில் தள்ளுகின்றன. காலையில் இருந்த பாறை மாலையில் இல்லை. நிற்க இடம் குறைந்துகொண்டே வருகிறது. இதையும் பெரிதாகக் காட்டவில்லை. ஒரு அதிர்வு, ஒருவர் ஓடிவந்து சொல்வது, அவ்வளவுதான். செலவு இல்லாமல் பதற்றம் மட்டும் ஏறுகிறது. ஏழு கை கொடுத்தாள். எட்டாவது ஏன் இல்லை என்று கேட்டேன். "நண்டுக்கு ஷூ போட்ட மாமா உள்ள இருக்கார்." ஷூ எனக்குத் தெரியவில்லை. அவள் கண் நல்ல கண். அன்றிரவு விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கோர்மனின் 'கிரியேச்சர் ஃப்ரம் த ஹான்ட்டட் சீ' 1961இல் வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வேறு படங்கள் எடுக்கப் போன இடத்தில், ஆட்களும் கேமராவும் இங்கேயே இருக்கிறார்களே, சும்மா எதற்குத் திரும்ப வேண்டும் என்று கூடுதலாக ஒன்றைத் தட்டிவிட்டார். ஒரு மோசடிக்காரன் புதையலைச் சுருட்டுவதற்காகக் கடல் ராட்சசன் இருப்பதாகக் கட்டுக்கதை விட்டு ஆட்களைத் தீர்த்துக்கட்டுகிறான், பார்த்தால் நிஜமாகவே ஒரு ராட்சசன் இருக்கிறது. நல்ல முடிச்சு. ராட்சசன் என்பது கடற்பாசி போர்த்திய ஒரு ஆள், கண்ணுக்கு டென்னிஸ் பந்து, கருவிழிக்குப் பிங்பாங் பந்து. அசட்டு உளவாளியாக நடித்திருக்கும் ராபர்ட் டவுன் பின்னாளில் 'சைனாடவுன்' திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். நகைச்சுவை பாதி இடங்களில் எடுபடவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் கடலடியில் அந்தப் பந்துக்கண் ஜீவன் புதையல் பெட்டி மேல் சொந்தக்காரன் போல உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ராட்சசன் ஜெயித்த படம். நான்கு கை, அதில் இரண்டு அந்தக் கடைசிக் காட்சிக்கு.

'ஜாஸ்' வந்த பிறகு சந்தை மாறிவிட்டது. எல்லாரும் அதையே நகல் எடுத்தார்கள். இத்தாலியில் எடுத்த ஒரு சுறாப் படம் நகலை மிக நேர்த்தியாக எடுத்ததால், 'ஜாஸ்' தயாரித்த நிறுவனம் வழக்குப் போட்டு அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்து அதை இறக்கியது. இதில் தேறுவது ஜோ டான்டே இயக்கிய 'பிரான்யா' மட்டும்தான், 1978, அதுவும் கோர்மன் கம்பெனி. ஆற்று மீன் என்பதால் எங்கள் பட்டியலில் சேர்ப்பதா என்று வாதம் நடந்தது. கடலுக்குப் போகப் பார்க்கிறது என்பதால் சேர்த்தோம். அதன் இரண்டாம் பாகத்தில் மீனுக்கு இறக்கை முளைத்துப் பறக்கிறது. இயக்கம் ஜேம்ஸ் கேமரூன் என்று டைட்டிலில் வரும். பதினைந்து வருடம் கழித்து 'டைட்டானிக்' எடுத்த அதே கேமரூன். படத்தை முழுசாக முடிக்க அவரை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

எழுபதுகளின் 'டென்டக்கிள்ஸ்' பக்கம் போகாதீர்கள். ஹென்றி ஃபோண்டா, ஜான் ஹ்யூஸ்டன், ஷெல்லி வின்டர்ஸ் என்று பெயர்ப்பட்டியல் பெரிது. காசு முழுக்க அங்கேயே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. நட்சத்திரங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆக்டோபஸ் எப்போதாவது வருகிறது. அக்கா மகள் இதற்கு ஒரு கை கொடுத்தாள், அதுவும் எதற்கு என்று சொல்லவில்லை.

கணினி வந்ததும் கதை மறுபடி மாறியது. 2009இல் த அசைலம் என்ற கம்பெனி எடுத்த 'மெகா ஷார்க் வெர்சஸ் ஜெயன்ட் ஆக்டோபஸ்'. இதில் சுறா கடலிலிருந்து எம்பி, மேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானத்தைக் கவ்வுகிறது. பார்த்ததும் இருவரும் அலறினோம், ஆனந்தத்தில். பிறகு நான் காகிதத்தை எடுத்தேன். விமானம் தாழ்வாக மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். காற்றுத்தடை இல்லை என்று சலுகையும் கொடுப்போம். அந்த உயரத்தைத் தொட சுறா தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். ஏறக்குறைய ஒரு பயணிகள் விமானம் முழு உயரத்தில் பறக்கும் வேகமே அதுதான். "அப்ப சுறாவுலயே போகலாமே மாமா" என்றாள்.

அந்த ஒரு காட்சியை விட்டால் படம் வறட்சி. விஞ்ஞானிகள் கண்ணாடிக் குடுவைகளில் வண்ண வண்ணத் தண்ணீரை ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருக்கிறார்கள். நீர்மூழ்கியின் உட்புறம் எல்லாம் ஒரே அறை. சுறா நீந்துகிற அதே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஹாரிஹவுசன் கை குறைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே காசு இல்லாத இடத்தில் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இங்கே காசு இல்லாத இடத்தில் பழைய துண்டை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். விமானத்துக்கு ஐந்து, மிச்சத்துக்கு ஒன்றுமில்லை, ஆகமொத்தம் ஐந்து என்றாள். நான் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதே கம்பெனியின் 'ஷார்க்னேடோ' 2013. சூறாவளி கடலிலிருந்து சுறாக்களைச் சுருட்டி ஊருக்குள் வீசுகிறது. நாயகன் சங்கிலி ரம்பத்தோடு சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, வயிற்றைக் கிழித்து வெளியே வருகிறான். 2018க்குள் ஆறு பாகம் வந்துவிட்டது. பலருக்கு இது ரொம்பப் பிடிக்கும், தெரியும். எனக்கு ஒட்டவில்லை. படம் முழுக்க நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. நான் எவ்வளவு மட்டமாக இருக்கிறேன் பார் என்று அதுவே சொல்லிவிட்டால், பார்ப்பவனுக்கு அங்கே என்ன வேலை? நண்டுப் படம் எடுத்தவர்கள் நண்டை நம்பி எடுத்தார்கள். அது தோற்ற இடத்தில் நாம் சிரிக்கிறோம், ஜெயித்த இடத்தில் பயப்படுகிறோம். ரெண்டும் நம்முடையது. இதில் சிரிப்பைக்கூட அவர்களே சிரித்து முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அக்கா மகள் என்னோடு உடன்படவில்லை. ரம்பக் காட்சியை நான்கு முறை பார்த்தாள். எட்டு கை. இந்த மதிப்பீட்டில் அவள் கருத்தையும் பதிவு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், செய்துவிட்டேன்.

பல தலைச் சுறா வரிசை என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டு தலைச் சுறா வந்தது 2012இல். மூன்று தலை 2015. அடுத்தது ஐந்து தலை, 2017. அப்புறம் ஆறு தலை. நான்கு தலையைக் காணோம். வவுச்சர் வரிசை எண்ணில் ஒன்று விடுபட்டிருந்தால் கணக்கனுக்கு எப்படி இருக்குமோ அப்படி ஒரு அரிப்பு. படங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அவள் தூங்கிய பிறகு தனியாகப் பார்த்த ஒரே படம் 'ஓப்பன் வாட்டர்'. 2003. கணவன் மனைவி இருவர், கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ், சொந்தக் கைக்காசில், விடுமுறை நாட்களிலும் வார இறுதிகளிலும் கையடக்க டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம். செலவு ஒன்றரை லட்சம் டாலருக்கும் கீழே. வசூல் ஐந்து கோடிக்கு மேல். ஆழ்கடல் நீச்சலுக்குப் போன ஒரு ஜோடியை எண்ணிக்கையில் பிசகி, படகு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. எண்ணிக்கைப் பிசகு என்றதுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் படம் முழுக்கத் தண்ணீர், இரண்டு தலை, சுற்றிலும் நிஜச் சுறா. பொம்மை கிடையாது, கணினி கிடையாது. நடிகர்கள் நீச்சல் உடைக்கு உள்ளே இரும்பு வலைக் கவசம் போட்டுக்கொண்டு அந்தச் சுறாக்களுக்கு நடுவே மிதந்திருக்கிறார்கள். நேர்த்தியில் இந்தப் பட்டியலிலேயே இதுதான் மேல். ஆனாலும் இதை மறுபடி பார்ப்பேனா என்றால் மாட்டேன். நண்டை இன்னொரு முறை பார்ப்பேன்.

பார்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாக ரெண்டு வார்த்தை. ஐம்பதுகளின் படங்களை எங்கே பார்த்தாலும் கறுப்பு வெள்ளைப் பிரதியையே தேடுங்கள். ஆறு கை ஆக்டோபஸுக்குப் பிற்பாடு வண்ணம் பூசிய பதிப்பும் உண்டு, அதைத் தவிர்க்கலாம். சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்த ஒட்டுவேலையெல்லாம் வண்ணத்தில் எட்டிப்பார்க்கிறது. ஓட்டம் எண்பது நிமிடத்தைத் தாண்டினால் யோசித்துத் தொடங்குங்கள், இந்த வகைக்கு அதற்கு மேல் மூச்சு கிடையாது. தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் கை எண்ணுவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

மாவுக்கட்டைப் பிரிப்பதற்கு முந்தின நாள் அக்கா மகள் குளியலறைக்குக் கூப்பிட்டாள். நொண்டிக்கொண்டே போனேன். வாளி நிறையத் தண்ணீர். ஒரு காகிதக் கப்பல். வண்ணக் களிமண்ணில் செய்த ஓர் ஆக்டோபஸ், பச்சை நிறம், கோபமான புருவம். என் கைபேசியில் ஸ்லோமோஷனை அவளே தேடிப் போட்டு வைத்திருந்தாள், வினாடிக்கு 120. நான் வாளியை லேசாகத் தட்ட வேண்டும், அதுதான் புயல். தட்டினேன். கப்பல் சாய்ந்தது, தண்ணீர் கனமாக, மெதுவாக எழுந்து விழுந்தது. துளி மட்டும் பெரிதாகத்தான் இருந்தது. ஆக்டோபஸ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து கை.

"என்னம்மா, மூணு குறையுதே?"

"களிமண் தீந்துபோச்சு." கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அது தண்ணிக்குள்ள இருக்கு மாமா. தட்டுங்க."